கொஞ்சம்

நூற்றி இருபத்தேழு கிலோவாய்
கொழும்பு பஸ்ஸிலை இரண்டு சீற்றுக்குக் காசு குடுத்துப் போனனான்.
திரும்பி வரேக்கை
கோழிமுட்டை அளவுதான் வயிறு.
மிச்சத்தை வெட்டி எறியேல்லை.
உள்ளுக்கைதான் கிடக்கு,
ஆளில்லாத வீட்டிலை பூட்டின அறை மாதிரி.

முதல் வருசம் கொண்டாட்டம்.
தையல்கார எமல்டா
என்ரை சட்டையளை நாலுதரம் பிடிச்சுத் தைச்சாள்.
நாலாந்தரம் காசு வாங்கேல்லை.
"இனிப் பிடிக்கத் துணியில்லை அக்கா,
தையல்தான் கிடக்கு."

பிறகு குருநகரிலை ஒரு முதல்நன்மை விருந்து.
ஒரு மூடி வைன்.
விழுங்கி முடியமுன்னம் காது சுட்டது,
விரல்நுனி மட்டும் பெருநாள் லைற் எரிஞ்சது.
பசி இருந்த இடத்துக்கு
அண்டைக்கே ஆரோ குடிவந்திட்டினம்.

ஓட்டோ அமலதாசன்
வெள்ளிக்கிழமையளிலை
சோடாப் போத்தலுக்கை ஊத்திக் கொண்டுவருவான்.
ஆருக்கு எண்டு ஒருநாளும் கேக்கேல்லை.
நான் தனிய எண்டு அவனுக்குத் தெரியும்.
இப்ப வெள்ளி எண்டில்லை.
விற்றமின் குளிசை முடிஞ்சு எத்தினை மாதமோ,
அந்தக் காசுக்கு வேறை வேலை.

பெரியாஸ்பத்திரியிலை சின்ன வயசு டொக்டர்.
எவ்வளவு குடிப்பீங்கள்?
கொஞ்சம்.
கொஞ்சம் எண்டு எழுதினா.
பொய் இல்லைப் பாருங்கோ.
ஆம்பிளையளுக்குத் தொண்டை நனையக் காணாது,
எனக்குக் கட்டில் கவிழக் காணும்.
அந்தக் கொஞ்சத்துக்குள்ளை
ஒரு ஆள் முழுசாய் விழுந்து கிடக்கலாம்,
அதுக்கு அவவின்ரை தாளிலை கட்டம் இல்லை.

கண்ணை மூடச் சொன்னா. பாதத்தடியிலை ஊசி.
"குத்துதோ?"
"ஓம்."
"நான் இன்னும் குத்தேல்லை."

வெளியிலை பங்குனி வெய்யில்.
கச்சான் விக்கிற பொடியன் பின்னாலை ஓடிவாறான்:
"அன்ரி! செருப்பு!"
குனிஞ்சு பாத்தால்
வலது கால் வெறுங்கால்.
கொதிக்கிற தாரிலை
எவ்வளவு தூரம் இப்பிடி வந்தனோ.

வாங்கிப் போட்டன்.
போட்டாச்சோ எண்டு
திரும்பவும் குனிஞ்சு பாத்தன்.

டொக்டர் இன்னும் அங்கைதான் இருப்பா.
பஸ் ஸ்ராண்ட் மற்றப் பக்கம்.
எந்தப் பக்கம் திரும்பினது எண்டு
கால் எனக்குச் சொல்லாது.
கண்ணாலை பாத்துப் பாத்துத்தான்
ஒவ்வொண்டாய் எடுத்து வைக்கோணும்.