மீன்பெட்டி வெளிச்சம்

ஒன்பது வாட் பல்பு மூன்று. இருநூற்று நாற்பது.
பட்டர் பேப்பர் இரண்டு தாள், கல்மண்டபத்தில்.
ஒயர் என்னிடமே கிடந்தது.
பிரியாணிக் கடை ஜாபர் பாய்
அலுமினியத் தாளை இரண்டு முழம் கிழித்துக் கொடுத்து
காசு வேண்டாமென்றார்,
வயிற்றுக்கா கேட்கிறாய், வெளிச்சத்துக்குத்தானே என்று.

பெட்டி காசிமேட்டில் சும்மா கிடைத்தது.
ஒரு மூலை உடைந்த தெர்மாகோல்.
சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி
எலுமிச்சை தேய்த்து மொட்டைமாடியில் காயவைத்தேன்.
காகங்கள் மட்டும் நம்பவில்லை.

பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி
பிவிசி குழாயை நட்டேன்.
கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது,
எங்கள் தெரு மின்கம்பம் மாதிரி.

முதலில் வந்து உட்கார்ந்தவர் எத்திராஜ்.
ஏலக்கூடத்திலிருந்து லாரிவரை
பெட்டி சுமக்கிறவர்.
"உன் லைட்டு தாங்காது தம்பி,
கல்யாண போட்டோல என் பல்லு மட்டும்தான் கீது."
ஒரு ஸ்டூடியோவில்
மாவு பூசினாற்போல் வெளுத்துக் கொடுத்தார்களாம்.
யாரென்று கேட்டவர்களிடம்
தம்பி என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

நேராக அடிக்கவில்லை.
பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தினேன்,
ஒரு முழம், பிறகு அரை முழம் கிட்டே.
ஒரு பல்பைக் கழற்றினேன்.
கீழ்வீட்டு மிக்ஸியில் வெளிச்சம் துடித்தது,
இஞ்சி அரைபடும்வரை காத்திருந்தோம்.
அப்புறம் மெல்லத்
திறந்தது அந்தக் கறுப்பு.
நெற்றியில் நனைந்த படகின் பக்கப்பலகை.
கன்னத்தில் நாவல்.
மூக்கோரம், புதுத் தாரில் விழும் நீலம்.
இத்தனையையும் ஒரே சொல்லாலா
இவ்வளவு நாள் கூப்பிட்டோம்?

போனை வாங்கி இரு விரலால் விரித்தார்.
தழும்பு, மீசை, கடைசியாகக் கண்.
"இன்னா இது, உள்ள வெள்ளையா, சதுரமா?"
"பெட்டிண்ணே."
"மீன் பொட்டியா?"
"ஆமா. மூலை உடைஞ்சதுகூடத் தெரியுது பாருங்க."

இருபத்திரண்டு வருஷம் தலைமேல் இருந்தது
கருவிழிக்குள்
ஒரு நொய்யரிசி அளவு.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
உச்சந்தலையில்
முடி தேய்ந்த வட்டத்தைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் அவர் மனைவி குணபூஷணி படியேறி வந்தாள்,
இறால் உரித்து உரித்து விரல்நுனி ஊறிப்போய்.
"அந்தப் பொட்டிய எனுக்கும் போடு."
ஸ்டூலில் அமர்ந்து முந்தானையைச் சரிசெய்தவள்
நான் சுவிட்சைத் தட்டியதும்
மூக்கை ஒருமுறை உறிஞ்சி,
"கழுவுனா போய்டுமா?
வஞ்சரம் வெச்ச பொட்டி" என்றாள்.
அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தேன்.