பத்து கெஜம்

பாடாங் செராயில் திங்கட்கிழமை விடியல் நாலரைக்கு
விழித்திருப்பவர்கள் மூன்றே வகை:
ஆறு மணிக்கு ஆலையில் வேலை ஏறவேண்டியவர்கள்,
ரொட்டிக்கு மாவு வீசும் ஜமால்,
அமெரிக்காவில் ஞாயிறு மதியம் நடக்கும் ஆட்டத்துக்கு
அலாரம் வைத்து எழுந்த குணாளன்.

நான் முதல் வகை. எடைமேடை கிளார்க்.
செம்பனை லோரிகளை ஏற்றி இறக்கி
கிலோ எழுதிக் கொடுப்பவள்.
தே ஓ சொல்லிவிட்டு
கிச்சாப் போத்தலில் அவன் சாய்த்து வைத்த
கைப்பேசிக்கு எதிரே உட்காருவேன்.

பெயர் கால்பந்து,
காலுக்கு அதில் வேலை குறைவு என்று
முதல் நாள் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
மூன்று வருஷம் லோரி ஓட்டிக்கொண்டே
சட்டம் படித்தவன்:
எந்தத் தப்புக்கு மஞ்சள் துணி விழும்,
எத்தனை கெஜம் பின்னால் போகணும்.
லைசென்ஸ் பரீட்சைக்குக்கூட இப்படிப் படிக்கலை என்பாள்
அவன் மனைவி தவமலர்.

அந்தப் படிப்பில் கைவைத்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் தொடக்க உதைக்கு
பத்துப் பேர் மைதானம் நெடுக ஓடிவந்து
எதிரே வருபவர்கள்மேல் மோதுவார்கள்.
மட்டை முறிகிற சத்தம்
ஜமாலின் அடுப்புவரை கேட்கும்.
இப்போது கிட்டக் கிட்ட நிறுத்திவைத்து
பந்து தரையையோ ஆளையோ தொடும்வரை
அசையாதே என்கிறார்கள்.

"இது ஆட்டமா, திங்கக்கிழம அசெம்பிளியா?
கோட்டு போட்டவனுங்க ஏசி ரூம்ல உக்காந்து
கை தூக்கி மாத்திட்டானுங்க.
பாக்கறவன எவனாச்சும் கேட்டானா?"

கேட்கமாட்டார்கள்.
காய்க்குலைக்குப் பிடித்தம் என்ற நோட்டீஸை
போன மாதம் ஆலை வாசலில் ஒட்டியது நான்தான்.
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை இவன்.
சட்டம் என்னுடையதில்லை,
பசை மட்டும்தான் என்னுடையது.

உதை போனதில் எனக்கு வருத்தமில்லை.
எனக்குச் சங்கிலி.

பந்து பத்து கெஜம் தாண்டியதா என்று சந்தேகம் வந்தால்
ஆரஞ்சுக் கம்பும் சங்கிலியுமாய்
உள்ளே நடந்து வருவார்கள்,
சம்பளத்துக்கு நடக்கிற நடை, அவசரமே இல்லாமல்.
எழுபதாயிரம் பேர்
ஒரு விரற்கடைக்காக மூச்சைப் பிடித்திருப்பார்கள்.
இப்போது காமிரா அளக்கிறது.
ஒரு கோடு, ஓர் எண், முடிந்தது.
சரியாகத்தான் இருக்கும்.
என் மேடையும் சரியாகத்தான் காட்டுகிறது,
எந்த டிரைவர் நம்பினான்?

காமிரா கெட்டுப்போனால் ஆகும் என்று
சங்கிலியை ஓரத்தில் வைத்திருக்கிறார்களாம்.
கேட்டதும் கொஞ்சம் நிம்மதி.
ஏன் என்று கேட்காதீர்கள்.

குணாளனின் தம்பி விஜேந்திரனும் வருவான்.
தொப்பியை இறக்கிக்கொண்டு
திரைக்கு முதுகு காட்டி உட்காருவான்.
பள்ளி ரக்பியில் மூன்று தடவை தலையில் அடி;
வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது.
அண்ணன் சொல்லச் சொல்ல ஆட்டம் கேட்பான்.

"எல்லாரும் நிக்கிறாங்களா?"
"நிக்கிறானுங்க, நட்டுவச்ச மாதிரி."
"பந்து விழற வரைக்குமா?"
"விழற வரைக்கும்."

கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான்.
"குலை வெட்டறப்ப நம்மளும் அப்படித்தானே.
அது மண்ணுல உக்கார்ற வரைக்கும்
எவனும் அசையக் கூடாது."

குணாளன் ஒலியை ஒரு புள்ளி கூட்டினான்,
பிறகு இரண்டு புள்ளி குறைத்தான்.

அடுத்த வாரமும் திட்டினான்.
தம்பி கை கழுவப் போன நேரம் பார்த்து,
வாய்க்குள்.

ஏழு மணிக்கு அவன் லோரி மேடை ஏறியது.
திரையில் எண் ஓடி நின்றது.
"இருபது கிலோ குறையுதே,"
இறங்கி வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்தான்.

"சங்கிலி எடுத்துட்டு வரவா?" என்றேன்.