ஐந்து முகங்கள் உள்ள படிவம்

வயாலாவில் ஆலை பக்கத்துச் சுவர்களெல்லாம் இளஞ்சிவப்பு.
யாரும் பூசியதல்ல.
இரும்புத் தூள் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.
வெல்டர்ஸ் ஆர்ம்ஸ் மட்டும் நான்கு பக்கமும் அந்த நிறம்.

அடிலெய்டிலிருந்து அதை வாங்க வருகிறவர்கள்
மணிக்கு இருபத்தெட்டு டாலருக்கு என்னை அனுப்பினார்கள்.
வாடிக்கையாளர் கருத்து. பதினான்கு கேள்வி.
ஒவ்வொன்றின் கீழும் ஐந்து முகங்கள்,
அழுமூஞ்சியில் தொடங்கிப் பல்லிளிப்பு வரை.

நுழைந்ததும் செருப்பைப் பிடித்துக்கொண்டது தரைவிரிப்பு.
நாற்பது வருடத்துப் பியர்.
கடன் கொடுத்தவன் மாதிரி, உதறினாலும் விடாது.

பெயர் கேட்டார்கள். பூங்கோதை.
முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டு
மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.
அந்த ஊர் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று
எனக்கும் தெரியும். நானும் சிரித்துவிட்டேன்.

கேள்வி ஒன்று: சுத்தம்.
"எதோடு ஒப்பிட்டு?" என்றார் ஸ்லாவ்கோ,
முப்பது வருடம் உலை வாயில் நின்றவர்.
அதற்கு முகம் இல்லை. அப்படியே எழுதிக்கொண்டேன்.

கெய்லீன் சொன்னாள்:
பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
உள்ளே இருப்பவள் பாட வேண்டும்,
பாட்டு நின்றால் அடுத்தவள் தள்ளலாம்.
எட்டு வருடமாக எனக்கு ஒரே பாட்டு.
தாழ்ப்பாள் போடச் சொல்லி எழுதட்டுமா என்றேன்.
"எழுது."
இரண்டு மிடறு கழித்து, "வேண்டாம், அடித்துவிடு."

ஷ்னிட்ஸல் தட்டுக்கு வெளியே தொங்குகிறதாம்.
உள்ளே கோழி உண்டா?
"ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது" என்றார் டூகி.

பூல் மேசை கடல் பக்கம் சாய்ந்திருக்கிறது.
வெளியூர்க்காரன் தோற்றுப் போய்க் கத்துவான்.
சாய்வு தெரிந்தவனுக்கு அது நேர்.

"என் மூக்கை இங்கேதான் உடைத்தார்கள்" என்றான் ஒருவன்.
"ஆஸ்பத்திரியில் விடியும்வரை என்னோடு
உட்கார்ந்திருந்ததும் உடைத்தவன்தான்."
சூழல் என்ற கேள்விக்கு
நடு முகத்தைத் தொட்டான்.

பெர்த் போகும் வழியில் நின்ற ஒரு ஜோடி
முதல் முகத்தையே பதினான்கு முறையும் தொட்டது.
யாரும் முகம் கொடுக்கவில்லை,
கிளாஸில் வேறு யாருடைய உதட்டுச் சாயமோ.
பொய்யில்லை. சாயத்தை நானும் பார்த்தேன்.

ஆறு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே
நடைபாதையில் ஓர் ஆள் வந்து நின்றார்.
லொரெய்ன் எதுவும் கேட்காமல்
எலுமிச்சைச் சோடாவை ஜன்னல் வழியே நீட்டினாள்.
அவர் புகைப்படம் கல்லாவுக்கு மேலே:
ட்ரெவாரோ. ஆயுள் தடை.
ஏழு வருடம் முடிந்திருக்கிறது.

நீங்கள் வாடிக்கையாளரா என்று கேட்டேன்;
படிவம் அப்படித்தான் தொடங்குகிறது.
யோசித்தார்.
"ஜன்னல் வரைக்கும்."

ஊழியர்கள் எப்படி?
"என்னை வெளியே தள்ளிய இரவு
கார் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.
இன்னும் கொடுக்கவில்லை.
காரையே விற்றாகிவிட்டது."
நகம் கறுத்த விரலால்
ஐந்தாம் முகத்தைத் தொட்டார்.
"அவள் காதில் போடாதே."

கேள்வி பதினான்கு:
இந்த இடத்தை ஒரு நண்பருக்குச் சொல்வீர்களா?
இதற்குத்தான் எல்லாரும் விழித்தார்கள்.
"எல்லாரும் உள்ளேதானே இருக்கிறார்கள்,
யாரிடம் போய்ச் சொல்ல?"

ஒரு படிவம் மீந்தது.
"பூ, நீயும் ஒன்று போடு" என்றாள் லொரெய்ன்.
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
பதின்மூன்று வரை மளமளவென்று போட்டேன்,
பெரும்பாலும் இரண்டாம் முகம்.
பதினான்கில் பேனா நின்றது.
இந்த ஊருக்கு வந்து பதினொரு மாதம்.
நண்பர் என்று யாரை நினைத்துக்கொண்டு பதில் எழுத?

கேட்காமலே ஒரு சோடா வந்தது.
வைப்பதற்கு முன்
விளிம்பு உடைந்த பக்கத்தை
அவள் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.