ஒன்பது மணி

வயிற்றில் ஐந்து சின்னத் தழும்பு.
உள்ளே இருப்பது இப்போது
வாழைக்காய் அளவுப் பை என்றார் டாக்டர்.
"இனி நீங்கள்தான் நடக்க வேண்டும், மங்கையர்க்கரசி."

நடக்கவில்லை.
இருபத்தெட்டு கிலோ தானாக இறங்கியபோது
ஒன்பதாம் மாடியிலிருந்து
நான் ஏன் இறங்க வேண்டும்?
புதுக் காலணி பெட்டியோடு கட்டிலுக்கடியில்.
கைக்கடிகாரம் மணிக்கொரு தரம் அதிர்ந்து
எழுந்திரு என்றது.
கழற்றி இழுப்பறைக்குள் போட்டேன்.
அங்கேயும் அதிர்ந்தது.

யாரும் எனக்குச் சொல்லவில்லை,
பசி போனபின்
இரவு ஒன்பது மணி மிச்சமாகிவிடும் என்று.
புரோட்டா பிய்த்த நேரம்,
டிவி முன்னால் முறுக்கு நொறுக்கிய நேரம்,
ஆள் வராத வாடகை அறை மாதிரி
விளக்கெரிந்துகொண்டு கிடக்கிறது.

அதில் உட்கார முடியாமல்தான்
ஒரு செவ்வாய் இரவு கீழே போனேன்,
தபால்பெட்டியைப் பார்க்க என்று
எனக்கே பொய் சொல்லி.

ஈசூனில் மழை விட்டிருந்தது.
கால்வாயோரம்
சக்கர ஊன்றுகோல் தள்ளிக்கொண்டு
ஒரு சீனப் பெரியவர்.
முந்தினேன்.
இருபது வருடத்தில்
நான் முந்திய முதல் ஆள்.

மூன்றாவது விளக்குக் கம்பத்தில்
மூச்சு வாங்க நின்றேன்.
கிறீச் கிறீச் சத்தம்.
அவர் என் பக்கம் திரும்பாமல்,
ஆனால் நிச்சயமாகச் சிரித்துக்கொண்டு,
கடந்து போனார்.

சிலிப்பர் போட்டிருந்தேன், அதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் குனிந்து
(குனிய முடிகிறது)
கட்டிலுக்கடியிலிருந்து
பெட்டியை இழுத்தேன்.