நூற்று முப்பத்தெட்டாவது துண்டு

பிஷ்கெக்கில் இரவு பதினொன்று.
கீழே தர்பூசணிக்காரர் குவியலுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு
பக்கத்திலேயே கட்டிலில் படுத்துவிட்டார்.
மூன்றாம் மாடியில் பெகிமாய்
பார்த்துக்கொண்டிருப்பது படத்தை அல்ல,
சர்வர் எழுதிவைத்த ஒரு வரியை:
நூற்று முப்பத்தெட்டில் நூற்று முப்பத்தேழு வந்தாயிற்று.

அனுப்புகிறவர் சுயுன்பெக்.
நரினுக்கு மேலே, கோடை மேய்ச்சல் நிலத்தில்.
குதிரை நொண்டுகிறது.
இவ்வளவும் படிவத்தில் இருந்தது.
குதிரையின் பெயர் கேட்ட கட்டத்தில்
'சாம்பல்' என்று போட்டிருந்தார்.

பக்கத்தைக் கட்டியவள் பெகிமாய்.
ஒரு பொத்தான், ஒரு பச்சைக் கோடு.
மற்ற வேலையெல்லாம் யாரோ எழுதிய நிரல் நூலகம்.

நூலகம் என்கிறோம்.
உள்ளே புத்தகம் கிடையாது.
நூல்தான். ஊசியும்.
பெரிய கோப்பை ஐந்தைந்து மெகாபைட்டாக அறுத்து
ஒவ்வொன்றாக அனுப்பி
அந்தப் பக்கம் சேர்த்துத் தைக்கும்.
சிக்னல் அறுந்தால் பதறாது.
இரண்டு விநாடி பொறுக்கும், பிறகு நான்கு, பிறகு எட்டு.
திரும்பக் கதவைத் தட்டும்:
எதுவரை வந்தது?
சர்வர் ஓர் எண்ணைச் சொல்லும்.
நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

ஒன்றுதானே குறைகிறது, வந்தவரைக்கும் காட்டேன்
என்று நரினிலிருந்து கேட்கிறாள் மருத்துவர் கனிகெய்.
முடியாது.
எந்தக் காட்சி எந்த இடத்தில் என்கிற அட்டவணையை
அந்தப் போன் கடைசியில்தான் எழுதும்.
வால் வந்து சேரும்வரை
இந்தக் குதிரைக்குத் தலையும் இல்லை.

வால் மூன்றே மெகாபைட்.

ஒன்று நாற்பதுக்கு எல்லாம் அழிந்துவிடும்.
இருபத்துநான்கு மணி நேரத்தில் முடியாத பதிவேற்றங்களைத்
துடைத்தெறியும் அந்த விதி
மார்ச் மாதம் அவளே எழுதியது.
இடத்துக்கு வாடகை கொடுக்கிறோமே என்று எழுதியது.
பன்னிரண்டு அடிக்கும்போது
24-ஐ 72 ஆக்கினாள்.
யாரையும் கேட்கவில்லை.

காலை ஆறு பத்து.
கணவாய் உச்சியில் போன் உயிர்பெற்றிருக்க வேண்டும்.
மூடிப்போன பக்கத்தை உலாவி திறந்ததும்
திரையில் அவள் வாசகம் தோன்றியிருக்கும்:
அதே கோப்பைத் திரும்பத் தேர்ந்தெடுக்கவும்.
அவரிடம் சாம்பலின் படம் நாலைந்து இருந்திருக்கும்போல.
வேறொன்றைத் தொட்டுவிட்டார்.
தொண்ணூறில் ஒன்று,
தொண்ணூறில் இரண்டு
என்று புதிதாக ஓடத் தொடங்கியது வரி.
அது இல்லை, அது இல்லை என்று
முந்நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம்
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

நின்றது.
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு பழைய கோப்பின் பெயர். அளவு. தேதி.
எதுவரை வந்தது?
நூற்று முப்பத்தேழு.
இந்தா.

கனிகெய்யின் பதில் எட்டு மணிக்கு:
இடது முன்னங்கால். குளம்பில் கல்.
எடுக்கும் முறையைச் சொல்லிவிட்டேன்.
முதல் ஒன்பது விநாடியிலேயே தெரிகிறது.
மீதி ஆறு நிமிடமும் இருட்டு.
கோப்பு கெட்டுப்போய்விட்டதா, பார்.

பார்த்தாள்.
ஒன்பது விநாடி கால்கள், புல், யாருடைய நிழலோ.
அப்புறம் நிறுத்த மறந்த போன்
சட்டைப்பைக்குள் இறங்கிவிட்டது.
ராத்திரியெல்லாம் அவள் காவல் காத்தது
துண்டு துண்டாக நறுக்கிய ஒரு பாக்கெட்டின் இருட்டை.

சிரிப்பதற்கு முன் காதில் ஒலிவாங்கி இருந்தது.
துணி உரசுகிறது. மூச்சு.
யாரிடமோ, குதிரையிடமாக இருக்கும்,
மெதுவாக ஒரு சொல், திரும்ப அதே சொல்.
அதன் அடியில் குளம்படி:
டக், டக், டக்,
நான்காவது கொஞ்சம் தாமதித்து.
டக், டக், டக்.
நான்காவது.

கோப்பு சரியாகத்தான் இருக்கிறது
என்று பதில் எழுதினாள்.
72-ஐ மாற்றவில்லை.