கீழ்க்கட்டிலின் வெப்பநிலை

மூன்று கால் அதற்கு.
மிளகைப் பாதியாய் வெட்டியதுபோல்
கறுப்பு, ஒரு பக்கம் தட்டை.
ரோலாவில் ஒரு சந்துக் கடை, ஒன்பது திர்ஹம்.
தட்டைப் பக்கம் உன்னைப் பார்க்கட்டும்,
இடது கால் மின்சாரம், வலது கால் தரை
என்று பாடத்தில் இருந்ததை
முதல் வெள்ளிக்கிழமையே திருப்பிப் போட்டேன்.
சூட்டை அளக்க வந்தது
தானே கொதித்து என் விரலைச் சுட்டது.
மேல்கட்டில் பிச்சைமைதீன் சிரித்த சிரிப்பில்
ஸ்க்ரூ ஒன்று உருண்டு எங்கோ போயிற்று.

இரண்டாவது பிழைத்தது.
ரப்பர் கையுறையின் சுண்டுவிரலை வெட்டி
உறை மாட்டி
ஐஸ் தம்ளரில் இறக்கினேன்: 0.6.
கரக் சாயாவில் 68.
பிச்சைமைதீனின் அக்குளில், அவரே கேட்டதால், 36.4.
டிகிரிக்குப் பத்து மில்லிவோல்ட்.
இவ்வளவு நாணயமான கணக்கை
எங்கள் ஓவர்டைம் சீட்டில் நான் பார்த்ததில்லை.

பகலில் ஏசி ஹெல்பர் நான்.
மொட்டைமாடியில் ஏணி பிடிப்பவன்.
கேஸ் அளவு எவ்வளவு என்று கேட்டால்
"அதெல்லாம் உனக்கெதுக்கு" என்பார் ஃபோர்மேன்.

மெத்தைக்கடியில் ஒயரைச் சொருகியது
சும்மா, பாடம் எட்டுக்காக:
நாள் முழுக்க எண்களைச் சேகரி, கோடாக வரை.
ஒரு வாரம் ஓடியது.
காலை நாலேகாலுக்கும் மாலை ஆறுக்கும்
சின்னதாய் ஒரு பள்ளம்.
மற்றபடி முப்பத்தொன்றுக்குக் கீழே வரவே இல்லை.
அறையில் ஏசி இருபத்து மூன்று.
நான் எழுந்து போன மெத்தை ஏன் ஆறவில்லை?
ஒயரை மாற்றினேன்.
நிரலை வரிவரியாய்ப் படித்தேன்.
சென்சாரைத் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அது இறங்கியது.
29. 27. 25.
சாயங்காலம் நான் வரும்வரை
23.8இல் படுத்துக் கிடந்தது.

நைட் ஷிஃப்ட் வேன் சஜா கேம்ப்புக்குத் திரும்பியபோது
இருதயராஜ் அதில் இல்லையாம்.
ருவைஸ் சைட்டுக்கு மாற்றல்.
பெட்டியை எப்போது எடுத்தார், யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பது மாதம் ஒரே மெத்தை.
தலையணை உறை மட்டும் தனித்தனி.
வாசலில் செருப்புத் தேடும் நேரத்தில்
"வந்தாச்சா", "ம்ம்".
ஊர் சாயல்குடியா, சாத்தான்குளமா,
அதுகூடக் கேட்டதில்லை.
சென்சாரில் கோளாறு இல்லை.

இப்போது பாடம் ஒன்பது.
சூடு ஓர் எல்லைக்குக் கீழே போனால்
பஸ்ஸர் கத்த வேண்டும்.
எல்லா ஒயரும் சொருகியாயிற்று.
எல்லை என்ற இடத்தில் மட்டும்
இன்னும் எண் போடவில்லை.

சனிக்கிழமை புது ஆள் வருகிறானாம்.
உயரமானவன், கால்
கட்டிலுக்கு வெளியே நிற்கும் என்கிறார்கள்.