குதிரையிலிருந்து விழுந்ததாக

லோரோங் கூலிட் சந்தை, ஞாயிறு ஒன்பது மணி.
ஜப்பான்காரன் வாழைமர நோட்டுக்கும்
ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் நடுவே
நாலாய் மடிந்த பழுப்புத் தாள்கள்.
"பல்கேரியாவோ என்னவோ, பதினெட்டு வெள்ளி" என்றார் மஹ்பூஸ்.
எப்படி வந்தது?
"கப்பல்ல."

கூர்ஸ்க் நகரில் ஆறு வருடம்
பனியில் வழுக்கி வழுக்கி மருத்துவம் படித்தவள் நான்.
நின்றபடியே வாசித்தேன்.

க்ராபின், யெவ்சேய் பான்கிராத்தவிச்.
குதிரைப்படை, லெப்டினன்ட் ஜெனரல்.
பதினான்கில் ஜாருக்காக ஈட்டி,
பத்தொன்பதில் செங்கொடிக்காக வாள்.
தோளில் வெட்டு, குபான்.
தொடையில் குண்டு, வார்சா சாலை.
முப்பத்தேழில் ஒரு டிவிஷன் அவன் சொல்லுக்குத் திரும்பியது.
அடுத்த வரி நாற்பது, மார்ச்.
நடுவே மை இல்லை.

நாற்பத்தொன்று டிசம்பர்.
எதிரியின் முதுகுக்குப் பின்னால், வயிறு தொடும் பனியில்
மூவாயிரம் குதிரைகளோடு போனான்.
திரும்பிய குதிரைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஆட்களின் கணக்கு வேறு தாளில் இருக்கும்.
நாற்பத்தாறில் படையைக் கலைத்தார்கள்.
டாங்கிக்கு லாடம் வேண்டாம், கொள்ளும் வேண்டாம்.

கடைசித் தாளில் மருத்துவக் குழுவின் குறிப்பு:
"இடது கை, மூன்று விரல்கள். பழைய முறிவு, கோணலாகக் கூடியது.
காரணம்: 1938இல் குதிரையிலிருந்து விழுந்தது."

முப்பத்தெட்டில் அவனுக்குக் குதிரை ஏது?

விழுகிறவனுக்குக் காறையெலும்பு போகும்,
மணிக்கட்டு போகும்.
விரல் விரலாக,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு முறிய
தரை போதாது.
ஆள் வேண்டும்.

கீழே டாக்டரின் கையெழுத்து.
அவசரமே இல்லாத, குண்டு குண்டான எழுத்து.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம்
பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி, இரவு இரண்டரை.
இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே
தவநேசன், வயது இருபத்தாறு.
"லாக்கப் பாத்ரூம்ல வழுக்கிட்டான், டாக்டர்."
அவன் என்னைப் பார்த்தான்.
பிறகு சுவரில் இருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தான்.
நான் சொன்னதை எழுதினேன்,
அதாவது, அவர்கள் சொன்னதை.
பேனா நன்றாகத்தான் ஓடியது.

மஹ்பூஸ் தானாகவே பன்னிரண்டுக்கு இறங்கினார்.
பதினெட்டையே கொடுத்தேன்.
தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து
தே ஓ ஐஸ் பொட்டலம் படாமல்
பையின் மேல் அறையில் வைத்தேன்.

இரவுப் பணிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன்.
பதிவறையில் கோப்பு எண் கேட்டார்கள்.
எண் எனக்கு மனப்பாடம்.